எச்.ஐ.வி. உள்ள பிள்ளை நாள் தவறாமல் பள்ளிக்குப் போக

என் அண்ணன் லாரி ஓட்டினார். 2010-ல் அவர் போனார், அடுத்த வருடத் தொடக்கத்தில் அண்ணியும் போய்ச் சேர்ந்தார். அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. ராசிபுரம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பாப்பா என்றே இங்கே எழுதுகிறேன். ஓயாத சளி, காய்ச்சல். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மாதமே, எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கிற நம்பிக்கை மையத்தில் ரத்தம் எடுத்தார்கள். பாசிட்டிவ் என்று வந்தது. இப்போது அவள் கல்லூரியில் கடைசி வருடம். நடுவில் பன்னிரண்டு வருடம் அவளைப் பள்ளிக்கு அனுப்பியதில் எனக்குத் தெரியவந்ததை எழுதுகிறேன். இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் அம்மாவுக்கோ பாட்டிக்கோ சித்திக்கோ பயன்படட்டும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பாப்பா பள்ளிக்குப் போகாத நாள்களில் பாதிக்கு மேல் நோயால் வந்தவை இல்லை. மருந்து வாங்கப் போன நாள், யாரோ ஏதோ கேட்டதால் பயந்த நாள், என்ன சொல்லி அனுப்புவது என்று எனக்கே தெரியாமல் வீட்டில் வைத்துக்கொண்ட நாள், இவைதான் அதிகம். இவற்றை நாம் நினைத்தால் குறைக்கலாம்.

காலண்டரில் குறியுங்கள்

இரண்டாம் வகுப்பு முடியும்போது டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நல்லாப் படிக்கிற பிள்ளை, ஆனா வந்தாத்தானே படிக்க முடியும்" என்றார். அடுத்த ஜூனில் மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரை அடுப்படிச் சுவரில் மாட்டினேன். பாப்பா போகாத நாளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து, பக்கத்தில் காரணத்தை ஒரே எழுத்தில் எழுதுவேன். மருந்து என்றால் ம. காய்ச்சல், சளி என்றால் கா. வயிற்று வலி என்றால் வ.

வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். 38 நாள். ம 12, கா 11, வ 15.

அந்த 15 என்னை உறுத்தியது. மறுபடி உட்கார்ந்து கிழமை பார்த்தேன். அதில் 11 புதன்கிழமை. வயிற்றுக்குக் கிழமை தெரியுமா? புதன்கிழமை கடைசிப் பீரியட் பி.டி. அன்று ராத்திரி தலை பின்னிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாவாடையை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினாள். சொறிந்து சொறிந்து முட்டியிலும் கெண்டைக்காலிலும் கருந்தழும்பாக இருந்தது. ஓடும்போது பிள்ளைகள் பார்த்துவிட்டு "என்னடி இது, ஒட்டிக்குமா" என்று கேட்கிறார்களாம்.

நான் தினமும் குளிப்பாட்டிய கால்கள்தான். மருந்துக்குத் தானாகச் சரியாகும் என்று விட்டிருந்தேன். அந்த வாரமே எச்.ஐ.வி. மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி. சென்டரில் டாக்டரிடம் காட்டினேன். களிம்பும் அரிப்புக்கு மாத்திரையும் கொடுத்தார். தையல்காரரிடம் கொடுத்து யூனிஃபார்ம் பாவாடையை நாலு விரல்கடை இறக்கித் தைத்தேன். பி.டி. டீச்சரிடம் "தோல் அலர்ஜி இருக்கு, வைத்தியம் பார்க்கிறோம், ஒட்டாது" என்று சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. நான்காம் வகுப்பில் புதன்கிழமை வயிற்று வலி இரண்டே நாள்தான் வந்தது.

அதனால் சொல்கிறேன், பிள்ளை "வயிறு வலிக்குது" என்றால் திட்டவும் வேண்டாம், உடனே நம்பி விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு மாதம் குறித்துப் பாருங்கள். கிழமை, பீரியட், எந்த டீச்சர், வேனில் பக்கத்தில் யார் என்று ஏதாவது ஒன்று தெரியவரும். வயதுக்குத் தகுந்த வளர்த்தி இல்லாமல் குட்டையாக இருப்பதும் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய குறை. பிரேயரில் முதல் ஆளாக நிற்கப் பிடிக்காமலே சிலர் லேட்டாகப் போவார்கள்.

மருந்து நாள்

ஆரம்பத்தில் மாதம் ஒரு தடவை நாமக்கல் சென்டருக்குப் போவோம். இரண்டு பஸ், டோக்கன், எடை, டாக்டர், கவுன்சிலர், மருந்து. திரும்பும்போது மூன்று மணி. மாதம் ஒரு நாள் என்றால் வருடம் பன்னிரண்டு நாள் போய்விடும்.

இதைக் குறைக்க வழி இருக்கிறது. ஆனால் நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும். ஒழுங்காக மருந்து எடுத்து வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு, கட்டுக்குள் இருந்தால் இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துத் தருகிறார்கள். உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் லிங்க் ஏ.ஆர்.டி. மையம், அதாவது பெரிய சென்டரோடு இணைந்த கிளை, இருந்தால் மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ள மாற்றித் தரும்படி கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வர வேண்டுமா, பெரியவர் மட்டும் சிகிச்சை விவரம் எழுதிய பச்சைப் புத்தகத்தோடு வந்தால் போதுமா என்றும் கேளுங்கள். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை மாற்றுவார்கள். எடை பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் பிள்ளை கட்டாயம் போக வேண்டும். அந்த நாள்களைக் காலாண்டு, அரையாண்டு லீவிலும் மே மாதத்திலும் வருகிற மாதிரி தேதி வாங்குங்கள். கவுன்சிலரிடம் "பிள்ளைக்குப் பரீட்சை, லீவில் போட்டுக் கொடுங்க" என்றால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள்.

அப்படியும் வேலை நாளில் போக வேண்டி வந்தால் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். மதியத்துக்குள் பள்ளிக்கு வந்துவிட்டால் அரை நாள் வருகையாவது கிடைக்கும். ஆனால் யூனிஃபார்மோடு சென்டரில் உட்கார வைக்காதீர்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டு உடுப்பில் கூட்டிப் போய், கட்டைப்பையில் யூனிஃபார்மை வைத்திருந்து, திரும்பும் வழியில் மாற்றிவிடுவேன்.

மாத்திரையும் மணியும்

பாப்பாவுக்கு முதலில் தண்ணீரில் கரைக்கிற மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டி, பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பாள். ஏழரைக்கு இரண்டு இட்லி கொடுத்துவிட்டு மாத்திரை கொடுத்தால் சரியாக இருந்தது. இப்போது அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவே போடுகிறார்கள். அதை நம்பி வெறும் வயிற்றில் மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

எட்டாம் வகுப்பில் ராத்திரி ஒரே மாத்திரையாக மாற்றினார்கள். அதில் எஃபாவிரென்ஸ் இருந்தது. காலையில் எழுந்தால் தலை சுற்றும், கெட்ட கனவு வந்தது என்பாள். முதல் பீரியட் முழுக்கத் தூக்கம். சோம்பல் என்று நினைத்து நான்கூட ஒருநாள் கத்திவிட்டேன். பிறகு கவுன்சிலர் சொல்லித்தான் தெரிந்தது, அது மருந்து செய்கிற வேலை. எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் இன்னும் அதிகமாகுமாம். மாத்திரை நேரத்தை எட்டு மணிக்கு முன்னால் நகர்த்தினோம், குறைந்தது. 2021-ல் டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு மாறினாள். அதை ராத்திரி போட்டால் தூக்கம் வரவில்லை என்றாள், டாக்டரைக் கேட்டுக் காலைக்கு மாற்றினோம். மாத்திரையால் பள்ளி கெடுகிறது என்று பட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள், நேரத்தையும் மாற்றாதீர்கள். போய்ச் சொல்லுங்கள், அவர்களிடம் வழி இருக்கும்.

பள்ளியில் வாரம் ஒருநாள் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தடை இல்லை. டோலுடெக்ராவிரை மட்டும் இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் சேர்த்தே போடலாம். காலை ஏழு மணிக்கு வீட்டில் போட்ட பிள்ளை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளியில் இரும்பு மாத்திரை போட்டால் ஒரு சிக்கலும் இல்லை. பள்ளியில் தடுப்பூசி முகாம் என்றால் மட்டும் முதல் நாளே சென்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தாலும் அப்படியே. இருமல் வந்தால் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு இருக்காமல் காட்டிவிடுங்கள், டி.பி.யை அவர்கள் முதலிலேயே பார்ப்பார்கள்.

லீவு லெட்டர்

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு தடவை "பாட்டி இறந்துவிட்டார்" என்று எழுதினால் அடுத்த தடவை இன்னொரு பாட்டி வேண்டும். பிள்ளையும் அந்தப் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் எழுதுவது இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்காக என் அண்ணன் மகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதால், இன்று முற்பகல் மட்டும் விடுப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்றைய பாடங்களை எழுதி முடிக்க வைக்கிறேன்."

கடைசி வரியைச் சேர்த்துப் பாருங்கள், டீச்சருக்குக் கேள்வி கேட்கும் எண்ணமே குறைந்துவிடும். சீட்டு கேட்டால் நோயின் பெயரும் மையத்தின் பெயரும் இல்லாத சான்றிதழாக டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்கும் ஒரு வாக்கியம் பழக்கிவிடுங்கள். பாப்பாவின் வாக்கியம், "எனக்கு ரத்தம் குறைவு, அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன்." அப்போது அவளுக்கு ரத்தம் நிஜமாகவே குறைவாகத்தான் இருந்தது.

பள்ளியில் சொல்லலாமா

சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நான் சொன்னேன், ஒரே ஒரு டீச்சரிடம். நல்ல மனுஷி, அவரை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். எப்படி வெளியே போனது என்று தெரியாது. பாப்பா நாலாம் வகுப்புப் படிக்கையில் ஒருநாள் சத்துணவு வரிசையில் அவளுக்கு மட்டும் தனித் தட்டு. மறுநாள் கடைசி பெஞ்சில் தனியாக இடம். மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "மற்ற பெற்றோர் பேசிக்கிறாங்க. டி.சி. வாங்கிட்டு டவுன் பக்கம் சேர்த்துக்குங்களேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் கை நடுங்கியது.

நான் கையெழுத்துப் போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராகச் சென்டர் கவுன்சிலரிடம் போனேன். எச்.ஐ.வி. உள்ளோர் சங்கத்தில் இருந்து ஓர் அக்காவும் கவுன்சிலரும் அடுத்த வாரமே பள்ளிக்கு வந்தார்கள். பாப்பாவின் பெயரை எடுக்காமல் எல்லா டீச்சருக்கும், சத்துணவு ஆயாவுக்கும் சேர்த்துப் பேசினார்கள். சேர்ந்து சாப்பிட்டால், தொட்டு விளையாடினால், ஒரே கழிப்பறைக்குப் போனால், கொசு கடித்தால் இது பரவாது. யாருக்கு அடிபட்டாலும் காயத்தைக் கழுவிக் கட்டு, வெறும் கையால் ரத்தத்தைத் தொடாதே என்பது எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான விதி. பேசி முடித்ததும் அந்த அக்கா பாப்பாவின் தட்டில் இருந்தே ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட்டார். சத்துணவு ஆயா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் தனித் தட்டு இல்லை. கேரளத்தில் கொல்லம் பக்கத்தில் இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்காமல் ஒதுக்கியபோது, 2003-ல் மத்திய சுகாதார அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் அவர்களைக் கட்டியணைத்துக் காட்டினார் என்று படித்திருக்கிறேன். எங்களுக்கு அந்த அக்கா போதுமாக இருந்தார்.

அப்போது சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2017-ல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. எச்.ஐ.வி.யைக் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, நிறுத்தக் கூடாது, தனியாக நடத்தக் கூடாது, சேர்க்கைக்காக எச்.ஐ.வி. டெஸ்ட் கேட்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் ஒருவருடைய நிலையை வெளியே சொல்லவும் கூடாது. வழக்கு என்று போனால்கூட வேறு பெயரில் நடத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அப்படி ஒரு நாள் உங்களுக்கு வந்தால், டி.சி. கேட்டு நீங்களாக எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிக் கொடுத்தால் நீங்களே விலகியதாகிவிடும். அவர்கள் சொல்வதை எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே பின்வாங்குவார்கள். பிள்ளையை மறுநாளும் அனுப்புங்கள். இது கஷ்டம், எனக்குத் தெரியும், ஆனால் ஒரு வாரம் வீட்டில் வைத்தால் திரும்பிப் போக ஒரு மாதம் ஆகும். பிறகு உதவி கேட்க வேண்டிய இடங்கள்: கவுன்சிலர், மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகு, குழந்தைகளுக்கான போன் எண் 1098, எச்.ஐ.வி. உதவிக்கான போன் எண் 1097. கலெக்டரிடம் திங்கள்கிழமை மனு கொடுக்கப் போனால் கூட்டத்தில் சத்தமாகப் படிக்க விடாதீர்கள். மூடிய கவரில் கொடுத்து, தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

சரி, மறுபடி நடந்தால் ஒரு டீச்சரிடமாவது சொல்வேனா? ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு மாறியபோது நான் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கே யாருக்கும் தெரியாது. பிள்ளை நன்றாக மருந்து எடுத்துக்கொண்டு ஆரோக்கியமாக இருந்தால் பள்ளிக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை என்பதே என் முடிவு.

பிள்ளையிடம் சொல்வது

பாப்பாவுக்குப் பத்து வயது முடியும்போது சொன்னேன், கவுன்சிலர் பக்கத்தில் இருக்க. அதற்கு முன்னால், "உடம்புக்குள்ளே காவல்காரங்க இருக்காங்க, இந்த மாத்திரை அவங்களுக்குச் சாப்பாடு" என்றுதான் சொல்லி வந்தோம். அன்று பெயரைச் சொன்னோம். அவள் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கூல்ல தெரியுமா?" அம்மா அப்பாவைப் பற்றி அப்புறம்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. நான் வற்புறுத்தவில்லை. சென்டரில் இவளைப் போன்ற பிள்ளைகள் சேர்கிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு தடவை கூட்டிப் போனேன். பத்தாவது படிக்கிற ஒரு பெண் இவளிடம் என்ன பேசினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள். சொல்வதற்கு நாள் பார்க்கிறவர்கள் பரீட்சைக்கு முன்னால் வேண்டாம், மே மாத ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுது தேற ஒரு மாதம் கிடைக்கும். வேறு யார் வாயிலாகவோ, இல்லை மாத்திரை டப்பாவைப் படித்தோ தெரிந்துகொள்ளும் வரை மட்டும் விடாதீர்கள்.

காசும் காகிதமும்

பெற்றோர் இல்லாத அல்லது பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பிள்ளைக்கு, மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கலெக்டர் ஆபீஸில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று 2009-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அறக்கட்டளையும் இருக்கிறது, கவுன்சிலரிடமே கேளுங்கள்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இட ஒதுக்கீட்டில், தமிழ்நாட்டில் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். ஆனால் அதற்குச் சான்றிதழ் கொடுத்தால் பள்ளிக்குத் தெரிந்துவிடும். பெற்றோரை இழந்த குழந்தைகளும் அதே பிரிவில்தான் இருக்கிறார்கள். இரண்டுமே பொருந்தும் பிள்ளை என்றால், பெற்றோரை இழந்ததற்கான சான்றிதழை வைத்து விண்ணப்பியுங்கள்.

பெரியவர் யாருமே இல்லாமல் அக்காவோ அண்ணனோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற வீடும் உண்டு. 12 வயது முடிந்து, பக்குவத்தோடு வீட்டைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை, கூடப் பிறந்தவர்களைப் பள்ளியில் சேர்க்கக் கார்டியனாகக் கையெழுத்துப் போடலாம் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. "பெரியவங்களைக் கூட்டி வா" என்று திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

ஹாஸ்டலில் விடும்போது

கல்லூரி ஹாஸ்டலில் விடும்போது எனக்கு இருந்த பெரிய கவலை, டப்பாவுக்குள் மாத்திரை குலுங்குகிற சத்தம். பையைத் தூக்கினாலே கேட்கும். டப்பாவில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல், மேலே சுத்தமான பஞ்சை அடைத்துக் கொடுத்தேன், சத்தம் நின்றது. லேபிளை வெந்நீரில் நனைத்துத் துடைத்து எடுத்தேன். மொத்தத்தையும் வேறு டப்பாவுக்கு மாற்றவில்லை, ஈரம் பட்டால் மாத்திரை கெட்டுவிடும். அவசரத்துக்கு ஒரு வாரத்து மாத்திரையை மட்டும் தனியாக ஒரு சின்ன டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வரும் பையிலேயே இருக்கும்படி பழக்கினேன். பஸ் கிடைக்காமல் ஊரில் தங்க வேண்டி வந்தாலும் ஒரு வேளை தவறாது.

தினமும் காலை ஏழு மணிக்கு அவளிடம் இருந்து ஒரு மிஸ்டு கால் வரும். நான் எடுக்க மாட்டேன். மாத்திரை போட்டாச்சு, கிளாஸுக்குக் கிளம்புகிறேன் என்று அர்த்தம். ஏழு பத்து வரை வராவிட்டால் நான் கூப்பிடுவேன்.